உறவினர் அல்லாத இருவர்

சங்குத்துறையில் ஒருவருடைய மண்டை உடைந்தால் ஏன் என்று கேட்பது மரியாதையில்லை. யாருடைய கை என்றுதான் கேட்பார்கள். கை நல்ல கையாக இருந்தால் உடைந்தவனுக்கே ஒரு மதிப்பு வந்துவிடும். ஆனால் அந்த வருடத்துச் சோளகக் காற்றுக் காலத்தில் அங்கே உடைந்த மண்டைகளுக்கு ஒரு காரணம் இருந்தது. அது ஒரு கடதாசியின் அடியில் கிடந்த ஒற்றை வரி: "உங்களை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயரும் முகவரியும்."

கிளிநொச்சியில், ஏ ஒன்பது வீதியோரமாக நண்டும் இறாலும் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனி ஒன்று, கொள்முதல் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. உயர்தரம் சித்தியடைந்திருக்க வேண்டும், சுயவிபரக்கோவையோடு வெள்ளிக்கிழமை நேரில் வரவேண்டும், தங்குமிடம் இலவசம். சங்குத்துறை மீனவர் மகள் டக்சாயினி அந்த விளம்பரத்தில் சம்பளத்தைப் பார்க்கவேயில்லை. தங்குமிடம் என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்த வேலை கிடைத்தால் அவள் தகப்பன் வீட்டைவிட்டுப் போகலாம். கிடைக்காவிட்டால் தகப்பனோடு அந்தக் கரையிலேயே கிடந்து, அவர் அடிக்கிறவர்களுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டே கிழவியாகிவிடுவாள்.

தகப்பன் பெயர் இராயப்பு. காலையில் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி எப்படியோ அவருக்குச் சண்டை அப்படி. கிடைக்காத நாளில் தலையிடிக்கும். ஒருமுறை தனியாகக் கடலுக்குப் போனவர், சண்டைக்கு ஆளில்லாத வெப்பியாரத்தில் ஒரு சுறாவை வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டு, அது செத்த பிறகும் அதன் தாடையில் குத்திக்கொண்டே கரைக்கு வந்தார். அந்தச் சுறாவை வாங்க யாவாரி மறுத்துவிட்டான். முகம் அடையாளம் தெரியவில்லை, என்ன சாதி மீனென்று சொல்லி விற்பது என்று கேட்டானாம்.

மகளை மட்டும் அவர் ஒருநாளும் அடித்ததில்லை. யுத்தத்தின் கடைசி நாட்களில், பதுங்குகுழியின் வாசலில், அவர் வலக்கையில் பிடித்திருந்த மனிசியை ஷெல் கொண்டுபோனது. இடக்கையில் பிடித்திருந்த மகள் மிஞ்சினாள். அன்றிலிருந்து இடக்கையை அவர் விடவில்லை. வலக்கையால் மற்ற எல்லோரையும் அடித்தார்.

இதற்கு முன் டக்சாயினி முல்லைத்தீவில் ஒரு புடைவைக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். மகளை மரியாதையாக நடத்துகிறார்களா என்று பார்க்க மூன்றாம் நாள் இராயப்பு வந்தார். முதலாளி, "இருங்கோ" என்றார். அந்த "இருங்கோ"வின் சுருதி இராயப்புவுக்குப் பிடிக்கவில்லை. முதலாளி கண்ணாடி அலுமாரி வழியாக வீதிக்குப் போனார். பொலிஸ் வந்தபோது கடைக்குள் நின்றுகொண்டிருந்தது சீலை கட்டிய பொம்மை ஒன்று மட்டும்தான். பிறகு ஒரு பாலர் பாடசாலை. அங்கே தலைமை ஆசிரியையின் புருசனுக்கு விலாவில் முறிவு. பிறகு ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை. அதன் மனேஜர் இராயப்புவைத் தூரத்தில் கண்டதுமே பக்கத்துப் பனையில் ஏறிவிட்டார். டக்சாயினி வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இறங்கினார். அவருக்கு அதற்கு முன் பனை ஏறத் தெரியாது என்று அவருடைய மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

அதனால் சுயவிபரக்கோவை எழுத றிஸ்கானின் கொமினிகேசனுக்குப் போனபோது, அனுபவம் என்ற இடத்தில் என்ன போடுவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது.

றிஸ்கானின் குடும்பம் புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பி வந்த குடும்பம். முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினியும் ஒரு போட்டோப் பிரதி இயந்திரமும் வைத்து மாவட்டத்துக்கே சுயவிபரக்கோவை அடித்துக் கொடுத்தான். எல்லோருக்கும் ஒரே கோவை. பெயரை மட்டும் மாற்றுவான். எல்லோரும் வகுப்புத் தலைவர், எல்லோரும் பள்ளி இல்ல விளையாட்டு மெய்வல்லுநர், எல்லோருக்கும் பொழுதுபோக்கு நூல் வாசித்தலும் தோட்டம் செய்தலும். அந்தக் கணக்கில் பார்த்தால் முல்லைத்தீவில் வேலையில்லாத பிள்ளைகள் செய்த தோட்டத்தில் காட்டு யானை வழிதெரியாமல் நிற்க வேண்டும்.

டக்சாயினி அந்தக் கோவையை வாசித்துவிட்டு, இதில் ஒரு பொய் இருந்தாலும் அதை அடித்த விரலை முறிப்பேன் என்று மரியாதையாகச் சொன்னாள். றிஸ்கான் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு அந்தக் கோவையை மூடிவிட்டு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். அவனுடைய தொழில் வாழ்க்கையில் அது முதல் வெற்றுப் பக்கம்.

புடைவைக்கடையில் இருந்து ஏன் விலகினீர்கள் என்று அவன் கேட்க, நடந்ததை அப்படியே எழுதச் சொன்னாள்.

"உண்மையைத்தான் எழுதுவம், தங்கச்சி," என்றான் றிஸ்கான். "ஆனா எந்த உண்மை எண்டு தெரிஞ்செடுக்கோணும். நீங்க நல்ல பிள்ளையோ எண்டு கம்பனிக்குத் தெரியத் தேவையில்ல. நீங்க போனா அங்க என்ன நடக்கும், அதுதான் அவனுக்குத் தெரியோணும். சொல்லுங்கோ, கரையில நீங்க என்ன செய்யிறநீங்க?"

அவள் சொன்னாள். நண்டு வாங்க வருகிற யாவாரி ஒருவன் தராசில் ஏதோ செய்து நிறையைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் கேட்டாள். அவன் தராசு பொய் சொல்லாது என்றான். அவள் அவனுடைய சாறத்துப் பட்டியைப் பிடித்துத் தூக்கித் தராசுக் கொளுவியிலேயே மாட்டினாள். வயிறும் தொந்தியுமான மனிதன். முள் ஓர் ஆட்டுக்குட்டியின் நிறையைக் காட்டியது. கரை முழுக்க வந்து அந்த முள்ளைப் பார்க்குமட்டும் அவள் அவனை இறக்கவில்லை. இறக்கும்போது கொளுவி சாறத்தைக் கிழித்து இடுப்புச் சதையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு சங்குத்துறைக்கு வருகிற எந்தத் தராசும் ஒரு கிராம் பிசகுவதில்லை.

றிஸ்கான் நெடுநேரம் யோசித்துவிட்டு அடித்தான்: "கொள்முதல் தளத்தில் எடை மோசடியை முற்றாக ஒழித்தமை." அடித்துவிட்டு வாசித்துக் காட்டினான். டக்சாயினி ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்தாள். பொய் இல்லை.

அப்படியே போனார்கள். சித்தப்பன் மக்கள் இரண்டு பேர் வலைக்காகக் கத்தி எடுத்தபோது இருவருடைய தலையையும் ஒன்றோடொன்று மோதி வைத்தது "பணியாளர்களுக்கிடையிலான பிணக்குகளை உடனடியாகத் தீர்த்தமை" ஆனது. புயலன்று குடிவெறியில் கிடந்த ஆண்களைத் திருக்கை வாலால் விளாசி எழுப்பி வள்ளங்களைக் கரையேற்றியது "அவசர நிலையில் குழுவை வழிநடத்தியமை." வேலைகளில் இருந்து விலகிய காரணத்துக்கு மட்டும் அவன் "குடும்பம்" என்று ஒரு சொல் போட்டான். அதுவும் உண்மைதான். பக்கம் நிறைந்தபோது றிஸ்கானுக்கே அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு இராயப்புவை நினைத்துக்கொண்டான்.

கடைசியில் அந்த வரி வந்தது. உறவினர் அல்லாத இருவர்.

ஒருவர் சுலபம். வவுனியாவில் இருந்து வந்து சங்குத்துறைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கௌசலா ரீச்சர், சந்தோசமாகப் பெயரைக் கொடுத்தா. மற்றவருக்கு எங்கே போவது? றிஸ்கானின் பெயரைப் போடலாம் என்றால், அவன் ஏற்கெனவே மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சான்று சொன்னவன். அவனுடைய பெயரைக் கண்டதும் கம்பனிகள் கோவையை மூடிவிடுகின்றன என்று அவனே ஒப்புக்கொண்டான். பங்குத்தந்தை ஞானஸ்நானப் பத்திரத்தைத் தவிர வேறொன்றிலும் கையெழுத்து வைப்பதில்லை; அவருக்கு முன்பிருந்தவர் ஊரின் இரண்டு கரைகளில் ஒன்றுக்கு மட்டும் கடிதம் கொடுத்ததற்கு மற்றக் கரை அவருடைய மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிட்டது. கிராம சேவகரான விதானையார் அவளுடைய பெரியம்மாவின் மருமகன்.

சங்குத்துறையில் வடகரை, தென்கரை என்று இரண்டு கரை. வடகரையில் யாரைத் தொட்டாலும் டக்சாயினிக்கு மாமன், மச்சான், சித்தப்பன். தெருநாய்கூட ஒன்றுவிட்ட நாய். தென்கரையிலோ ஒரு குஞ்சுகூட உறவில்லை. மாதா பெருநாளில் சொரூபத்தை ஊர்வலமாகச் சுமக்கிற கூட்டின் முன்வலக் காலை எந்தக் கரை தோளில் வைப்பது என்று வந்த சண்டைக்குப் பிறகு, கரை மாறிக் கலியாணம் நடந்ததில்லை. அந்தச் சண்டை எப்போது தொடங்கியது என்பதைப் பற்றியும் ஒரு சண்டை இருக்கிறது. ஒவ்வொரு பெருநாளிலும் பூசை முடிய, சவள் துடுப்பும் வள்ளத்துத் தடியுமாக அடிபடுவார்கள். வென்ற கரை அந்தக் காலைத் தோளில் வைக்கும். டக்சாயினி வளர்ந்து ஆளான பிறகு அந்தக் கால் வடகரையின் தோளைவிட்டு இறங்கவில்லை.

ஆக, இந்தப் பூமியில் அவளை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத, றப்பர் முத்திரையும் உள்ள ஒரே மனிதர், வள்ளமும் வலையும் வைத்து ஆள் நடத்துகிற தென்கரைச் சம்மாட்டி ஸ்ரனிஸ்லஸ். அவருடைய படலையில் "அகில இலங்கைச் சமாதான நீதவான்" என்று பலகை தொங்கியது. இந்தத் தீவில் இவ்வளவு எலும்பு முறித்த சமாதான நீதவான் வேறொருவர் இருக்க நியாயமில்லை. அவருடைய வலக்காதில் பாதி இல்லை. அந்தப் பாதி இராயப்புவின் பல்லோடு போனது. இராயப்புவின் முன்பல் இரண்டு இல்லை. அவை ஸ்ரனிஸ்லஸின் முழங்கையோடு போனவை.

ஒரு கரையார் மற்றக் கரையாரின் முற்றத்தை மிதித்தால் அதற்கொரு முறை இருந்தது. முற்றத்தடி என்பார்கள். வந்தவர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்காரர் தன் முழுப் பலத்தோடும் ஒரே ஓர் அடி அடிப்பார். விழுந்தால் வந்த வழியே இழுத்து வெளியில் போட்டுவிடுவார்கள். நின்றால் அவர் விருந்தாளி. அதன் பிறகு அவரைத் தொடுகிறவன் மனிசனில்லை. இந்த முறையால் இரு கரைக்கும் இடையில் போக்குவரத்து மிகக் குறைவு.

டக்சாயினி கோவையைப் படலைக்கு வெளியே ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றாள். ஸ்ரனிஸ்லஸ் கதிரையில் இருந்தபடி அவளைப் பார்த்தார். அவர் பெண்பிள்ளைகளுக்குக் கை ஓங்குவதில்லை. மனைவியைக் கூப்பிட்டார். ஜோசப்பின் குசினியில் இருந்து கருவாட்டுக் கையோடு வந்தா. வாழ்நாள் முழுக்கப் பாரைக் கருவாட்டை வெயிலில் புரட்டிப் புரட்டி அந்தக் கை பலகையாகியிருந்தது. போன பெருநாளில் அவவின் தம்பியின் தாடையைக் கழற்றியவள் முன்னால் நிற்கிறாள். அவா கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தா. பிறகு அடித்தா.

அந்தச் சத்தத்துக்கு மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் போய், அன்று முழுக்கத் தென்கரைக்குத் திரும்பவில்லை. டக்சாயினியின் கீழுதடு வெடித்தது. ஒரு கடைவாய்ப்பல் அசைந்தது. வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். ஜோசப்பின் சுளுக்கிய மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போய், இடக்கையால் இஞ்சி இடித்துத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. சீனி போதுமோ என்றும் கேட்டா.

டக்சாயினி கோவையை எடுத்துவந்து விசயத்தைச் சொன்னாள். ஸ்ரனிஸ்லஸ் வாசித்தார். எடை மோசடி என்ற இடத்தில் தலையாட்டினார். பிணக்கு என்ற இடத்திலும் ஆட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை கிடைச்சா அங்கயே தங்கிறதோ, பிள்ளை?"

"ஓம், சம்மாட்டியார்."

"பெருநாளுக்கு?"

"இறால் ஓடுற காலம். லீவு தரமாட்டாங்கள்."

ஸ்ரனிஸ்லஸ் பேனாவைத் திறந்தார். பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதி முத்திரையைக் குத்தினார். இன்னொரு தரமும் குத்தினார். கோவையில் இடம் முடிந்த பிறகு, பிரதியிலும் குத்தட்டோ என்று கேட்டார்.

அன்று பின்னேரமே கதை இரண்டு கரையும் பரவிவிட்டது. வடகரையில் அவளுடைய மாமன்மார் கூடினார்கள். நல்ல கை ஒன்றைக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டுப் பெருநாளுக்கு என்ன செய்வது என்பது அவர்களுடைய கேள்வி. தென்கரையிலும் கூடினார்கள். அந்தக் கடதாசி கிளிநொச்சி போய்ச் சேரவேண்டும், அதற்கு எத்தனை பேருடைய எலும்பு போனாலும் பரவாயில்லை என்பது அவர்களுடைய தீர்மானம். இராயப்பு ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. கோவையில் ஸ்ரனிஸ்லஸின் முத்திரை இருக்கிறது என்று கேள்விப்பட்டதில் இருந்து அவர் ஒருவரையும் அடிக்கவில்லை. சனம் பயந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போகிற பஸ் வருகிற சந்தியில், வடகரை சவளோடு நின்றது. இராயப்பு முன்னுக்கு நின்றார். டக்சாயினி கோவையைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் தென்கரை முழுவதும் வந்தது. அவர்கள் அவளைப் பஸ் ஏற்ற வந்தவர்கள். கையில் வள்ளத்துத் தடி.

முதல் அடியை யார் அடித்தார்கள் என்பது இன்னும் தீரவில்லை. இரண்டாவது அடியில் விதானையாரின் காலர் எலும்பு போனது. அவர் சமாதானம் பேச வந்தவர். சவள்கள் முறிந்தன. முறிந்த சவளின் கூர் ஒருவனுடைய தோளில் ஏறி மறுபக்கத்தால் எட்டிப் பார்த்தது. அவன் அதைப் பிடுங்காமலே தொடர்ந்து அடிபட்டான்; பிடுங்க நேரமில்லை. ஸ்ரனிஸ்லஸின் மூத்தவன் ஒருத்தனைத் தூக்கி எறிய, அவன் பஸ் தரிப்பிடத்துக் கூரையில் போய் விழுந்து, கூரையோடு திரும்பி வந்தான். ஜோசப்பின் சுளுக்கிய கையைச் சீலைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இடக்கையால் இரண்டு மாமன்மாரைப் படுக்கவைத்தா. வெள்ளை மணல் வரவரச் சிவப்பாகிச் சேறாகியது; ஓடி வந்த நாய்கள் மோந்துவிட்டுத் திரும்பிப் போயின. பஸ் வந்து நின்றது. சாரதி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு எஞ்சினை நிற்பாட்டினார். டீசல் விற்கிற விலை அப்படி.

டக்சாயினி குனிந்து, விலகி, ஒரு கையால் கோவையை உயர்த்திப் பிடித்து, மறுகையால் வழி எடுத்துக்கொண்டு பஸ் மிதிபலகைக்கு வந்தபோது, அதில் இராயப்பு நின்றார். கோவையின் மறுநுனியைப் பிடித்தார். அவர் இழுத்தால் கிழிந்துவிடும். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

"விடுங்கோ, அப்பா," என்றாள்.

அவர் விடவில்லை. மற்றக் கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். அது இடக்கை.

அவள் அடித்தாள். காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே தோளில் இருந்து கிளம்பிய அடி. இராயப்பு மிதிபலகையில் இருந்து பின்பக்கமாகப் போய் மணலில் விழுந்தார். சண்டை நின்றுவிட்டது. தூக்கிய சவள்கள் தூக்கினபடியே நின்றன. இராயப்பு நிலத்தில் கிடந்து இரு கரையிலும் ஒருவரும் பார்த்ததில்லை. அவருக்கு அவ்வளவு நீளம் இருக்கும் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை. டக்சாயினி அவரைத் தாண்டிப் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்தாள். கொண்டக்டர் அவளுக்கு மட்டும் மிச்சக்காசை ஒழுங்காகக் கொடுத்தான்.

கம்பனியில் நேர்முகம் செய்த பெண்ணின் பெயர் கமலாசனி. வட்டக்கச்சியில் வயல் செய்கிற குடும்பம். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஆள். வெளியே வாங்குப் பலகையில் தலைசீவிப் பவுடர் போட்ட பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள்; எல்லோருடைய கோவையிலும் தோட்டம் இருந்தது. டக்சாயினியின் கோவையில் இரத்தம் இருந்தது. உறையின் வாய்வழியாக ஊறி ஒரு மூலை காய்ந்துபோயிருந்தது. கமலாசனி அந்த மூலையை விரலால் சுரண்டிப் பார்த்தா. பிறகு உதட்டைப் பார்த்தா.

எடை மோசடியை எப்படி ஒழித்தீர்கள் என்று கேட்டா. டக்சாயினி கொளுவியைச் சொன்னாள், சாறத்தைச் சொன்னாள், கிழிந்த சதையைச் சொன்னாள். கமலாசனி அந்த யாவாரியின் பெயரைக் கேட்டா. கேட்டதும் பேனாவை மூடிவைத்தா. அவனுடைய தராசில் அந்தக் கம்பனி பல வருடமாக ஏமாந்துகொண்டிருந்தது.

பிறகு சான்றாளர்களுக்கு அழைத்தா. கௌசலா ரீச்சர் நல்லபிள்ளை என்றா. ஸ்ரனிஸ்லஸ் அப்போது முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் மூக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தைக்கிற தாதியை நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார். கமலாசனி ஸ்பீக்கரைப் போட்டா.

"என்ர ரெண்டு பெடியளையும் அடிச்சவள், என்ர மச்சான்ர தாடையைக் கழட்டினவள்," என்றது மூக்கடைத்த குரல். "ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எடுங்கோ, மிஸ். நீங்கள் எடுக்காட்டி அவள் திரும்பி இஞ்சதான் வருவாள்."

கமலாசனி தொலைபேசியை வைத்துவிட்டு, கோவையில் ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்தா. மூன்று வேலையில் இருந்தும் விலகிய காரணம் குடும்பம் என்றிருக்கிறதே, குடும்பத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டா.

"அப்பா," என்றாள் டக்சாயினி.

"இஞ்சயும் வருவாரோ?"

வரமாட்டார் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு வேலை கிடைத்திருக்கும். டக்சாயினி அசைகிற பல்லை நாக்கால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

"வருவார், மிஸ்."

அதைச் சொல்லி முடிக்க முதலே அவர் வந்துவிட்டார். முதலில் வாசல் காவலாளி அறைக்குள் வந்தார். அவர் தன் காலால் வரவில்லை. கதவு அவரோடு சேர்ந்து வந்தது. அதற்குப் பின்னால் இராயப்பு வந்தார். மீன் ஏற்றுகிற கூலர் வாகனம் ஒன்றை மறித்து, ஐஸ் பெட்டிக்கு மேல் இருந்து வந்தவர். உடம்பில் செதிளும் இரத்தமும், தாடை ஒருபக்கம் பூசணிக்காயாக வீங்கி. வாங்கில் இருந்த பிள்ளைகள் கோவைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

டக்சாயினி எழும்பி நின்றாள். நாலாவது வேலையும் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை இன்னும் தொடங்கவே இல்லை.

ஆனால் இராயப்பு ஒருவரையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த கோவையைத்தான் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தென்கரையானின் முத்திரை மட்டும் தெரிந்தது. அதில் விரலை வைத்து அழுத்தினார்.

"இவன்ர சொல்லை என்னத்துக்குக் கேட்டனியள்?" என்றார் கமலாசனியிடம். வீங்கிய தாடையால் வந்த சொற்கள் மெதுவாக வந்தன. "இவன் என்ர பல்லை உடைச்சவன். பிள்ளையைத் தூக்கினது நான். சோறு தீத்தினது நான். அந்தச் செல்லடிக்குள்ள கையை விடாமப் பிடிச்சுக்கொண்டு வந்தது நான். பெத்தவன்ர சொல்லுக்கு ஒரு கோடுகூட இல்லையோ இந்தக் கடதாசியில?"

காவலாளி நிலத்தில் கிடந்து முனகினார். கமலாசனி பயந்தாவா என்பது முகத்தில் தெரியவில்லை. வயலுக்குள் யானை வந்தாலும் அந்த முகம்தான். விழுந்து கிடந்த கதிரையை நிமிர்த்தி அவர்பக்கம் தள்ளினா.

"இருங்கோ," என்றா.

புடைவைக்கடை முதலாளிக்குக் கடைசியாக ஞாபகம் இருந்த சொல் அது. இராயப்பு கதிரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இருந்தார்.

"இப்ப நீங்கள் சொல்லுங்கோ, ஐயா," என்றா கமலாசனி. "பிள்ளை எப்பிடி?"

இப்போது எல்லாம் அவருடைய வாயில் இருந்தது. கூடாத சொல் ஒன்று போதும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னேர பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். இராயப்பு அதை யோசித்தார். அவர் யோசிப்பது வெளியில் தெரியும். கழுத்து நரம்பு புடைக்கும். கையைத் தூக்கித் தாடையைத் தொட்டுப் பார்த்தார். வலித்தது.

"இண்டைக்கு விடிய என்னை அடிச்சவள்," என்றார். "நான் நாற்பது வருசமா அடிக்கிறன். எந்த அடிக்கு ஆள் எழும்பும், எந்த அடிக்கு எழும்பாது எண்டு எனக்குத் தெரியும். அவள் நினைச்சிருந்தா நான் இப்ப சவக்காலையில. அவ்வளவு சனத்துக்குள்ள, அவ்வளவு கோவத்துக்குள்ள, அளந்து அடிச்சவள்." தன் வலக்கையைப் பார்த்தார். "எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை."

எழும்பினார். காவலாளியைக் கமக்கட்டில் பிடித்துத் தூக்கி அதே கதிரையில் இருத்தி, சட்டையில் இருந்த மண்ணையும் தட்டிவிட்டார். மகளுக்குக் கிட்ட வந்து, இடக்கையை நீட்டி, அவளுடைய கையைப் பிடிக்காமல் உதட்டுக் காயத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ஜோசப்பின்ர கை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கதவில்லாத வாசலால் போனார்.

கமலாசனி கோவையின் மேல்மூலையில் ஏதோ எழுதி, நியமனக் கடதாசி ஒன்றை இழுத்து டக்சாயினியின் முன் வைத்தா. அப்போது வெளியே, ஏ ஒன்பது வீதிப் பக்கமாக, கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒருவன் ஐயோ என்று கத்தினான். ஓட்டோ ஒன்று பக்கவாட்டில் விழுகிற சத்தம். அதற்குப் பின்னால் பலபேர் ஓடுகிற சத்தம். கமலாசனி யன்னலைப் பார்த்தா. டக்சாயினியின் தோள் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கால் பெருவிரல் நிலத்தில் ஊன்றியது.

அவள் தோளைத் திரும்பக் கொண்டுவந்தாள். பேனாவை எடுத்தாள்.

"வேலை எத்தினை மணிக்குத் துவங்கிறது, மிஸ்?"